மாவுக்கட்டுப் படத்தோடு முடிந்துவிடும் வழக்குகள்: மதுரையின் குற்றச் செய்திகளைப் பற்றி ஒரு விவாதம்

கீழமாசி வீதி வாசகர்

நகைப் பறிப்பிலோ கொலை வழக்கிலோ கைதானவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தை நம் ஊர்ப் பத்திரிகைகளில் பார்க்காதவர் இருக்க முடியாது. போலீசாரைக் கண்டு ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார் என்றோ, குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றோ படத்தின் கீழே ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதிக் கொடுத்தவரும் நம்புவதில்லை, அச்சிட்டவரும் நம்புவதில்லை, டீக்கடையில் அதைச் சத்தமாக வாசிக்கிறவரும் நம்புவதில்லை. ஆனாலும் "நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறோம்.

என் கவலை அந்தக் கையைப் பற்றியது மட்டுமன்று. பெரும்பாலான வாசகர்களுக்கு வழக்கு அந்தப் படத்தோடு முடிந்துவிடுகிறது. யார் செய்தது என்பது தெரிந்துவிட்டது, தண்டனையும் கிடைத்துவிட்டது என்ற நிறைவு அன்றைக்கே வந்துவிடுகிறது. அதன் பிறகு நீதிமன்றம் செய்யும் எதுவும் நமக்கு இடையூறாகத்தான் தோன்றுகிறது. ஜாமீன் கொடுத்தால் "விட்டுவிட்டார்கள்" என்கிறோம், சாட்சியத்தைச் சரிபார்த்தால் "இழுத்தடிக்கிறார்கள்" என்கிறோம். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது மக்கள் போலீசார் மீது பூத்தூவியதை எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அவர்களைக் கொல்லும் நோக்கத்துடனேயே துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது என்று 2022இல் சொன்னபோது அதைக் காட்டியவை எத்தனை?

முதல் நாள் செய்திதான் நம் மனத்தில் தீர்ப்பாக நிற்கிறது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம். கட்சிகளை மட்டும் இதற்குள் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற நிருபர்

அந்த வரி எப்படி அச்சுக்கு வருகிறது என்பதை, இந்தத் தொழிலில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மதுரைப் பதிப்பில் குற்றச் செய்தி எழுதுகிறவருக்கு நகரக் காவல் நிலையங்கள், பெரியாஸ்பத்திரி பிணவறை, புறநகரில் நடக்கும் விபத்துகள் எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பு. முன்பெல்லாம் ஆணையர் அலுவலகத்தில் தட்டச்சு செய்த பிரஸ் நோட் கொடுப்பார்கள். இப்போது அது வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு வந்து விழுகிறது. பதிப்பு முடிகிற நேரத்துக்குள் கைதானவரின் வீட்டுக்குப் போய் அவருடைய தாயிடம் பேச நேரம் கிடையாது. கிடைத்தாலும், போலீஸ் தரப்பைச் சந்தேகித்து ஒரு செய்தி எழுதிவிட்டால் மறுநாள் அந்த நிலையத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். போட்டிப் பத்திரிகையில் எல்லாம் வந்திருக்க, நம் பத்திரிகையில் மட்டும் வராது. ஆசிரியர் கேட்பார், பதில் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமானது வேறொன்று. கைது செய்ததும் பிரஸ் நோட் வரும். விடுதலையானால் யாரும் பிரஸ் நோட் அனுப்ப மாட்டார்கள். நீதிமன்றச் செய்தி சேகரிக்கிறவர்கள் ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளையில் இருப்பார்கள், ஏனென்றால் அங்கே ஒரு நாளில் நான்கு பெரிய செய்தி கிடைக்கும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஐந்து ஆண்டுக்கு முந்தைய சங்கிலிப் பறிப்பு வழக்கில் ஒருவர் விடுவிக்கப்பட்டதை எழுத அங்கே ஆளே இருக்காது. கைதை எழுதிய நிருபரும் அதற்குள் திண்டுக்கல்லுக்கோ சென்னைக்கோ மாறிப் போயிருப்பார்.

இன்னொரு விஷயம் குண்டர் சட்டம். 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். "குண்டர் சட்டத்தில் சிறையில் அடைப்பு" என்பது தவறாமல் செய்தியாகும். அந்த உத்தரவுகளில் பலவற்றை ஆவணங்கள் சரியாகத் தரப்படவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் ஆனது என்ற காரணங்களுக்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்வதுண்டு. ஆள் பிரபலமாக இருந்தாலொழிய அது செய்தியாவதில்லை. ஊரின் கணக்கில் அவர் நிரந்தர குண்டர்.

தெற்கு வெளி வீதி வணிகர்

நீங்கள் இருவரும் சொல்வதைப் படித்தால், பத்திரிகையே இல்லாமல் இருப்பது நல்லது என்ற இடத்துக்கு வந்துவிடுவோம் போலிருக்கிறது. கடைத்தெருவில் இருக்கிறவனின் கண்ணுக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. இரவு பூட்டிவிட்டுப் போன கடை காலையில் திறந்து கிடந்தால், அந்தத் திருடன் பிடிபட்ட செய்தியைப் படத்தோடு பார்க்கத்தான் நான் விரும்புவேன். அது பழிவாங்கும் ஆசை என்று நீங்கள் சொல்லலாம். தெருவில் அச்சம் குறைகிறது என்று நான் சொல்வேன்.

அடுத்து, போலீசாரின் பேச்சையே ஊடகம் அப்படியே எழுதுகிறது என்பதும் முழு உண்மையன்று. 2025 ஜூன் மாதம் திருப்புவனம் பக்கம் மடப்புரம் காளி கோயில் காவலாளி, நகை காணாமல் போன புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். தப்பியோடும்போது வலிப்பு வந்து விழுந்தார் என்று ஒரு விளக்கம் தயாராக இருந்தது. கோயிலுக்குப் பின்புறம் அவரை அடித்ததை யாரோ ஒருவர் மறைந்திருந்து கைப்பேசியில் எடுத்த சில விநாடிக் காட்சி தொலைக்காட்சியில் ஓடிய பிறகுதான் அந்த விளக்கம் நிற்க முடியாமல் போயிற்று. ஊடகம் இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன கதி?

ஒத்தக்கடை வழக்கறிஞர்

வணிகர் ஐயா சொன்ன மடப்புரம் வழக்கு உயர் நீதிமன்றக் கிளையில் வந்தபோது நான் அங்கே இருந்தேன். அந்தக் காட்சியின் வலிமையை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே அந்தக் காட்சி செய்த வேலை, நீதிமன்றத்தின் கையில் சான்றாகச் சேர்ந்ததுதான். மாவட்ட நீதிபதி ஒருவர் விசாரணைக்கு நியமிக்கப்பட்டார், அறிக்கை வந்தது, வழக்கு சிபிஐக்குப் போயிற்று. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோதும் இப்படித்தான். அவர்கள் தரையில் புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அதை மறுத்த ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம் நீதித்துறை நடுவரிடம் பதிவானதால்தான் அந்த வழக்குக்கு உயிர் வந்தது. ஊடகம் கதவைத் தட்டியது உண்மை. கதவைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்தது அந்தப் பதிவுதான்.

ஊடகம் குற்றவாளியைத் தானே முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2017இல் சென்னை முகலிவாக்கத்தில் ஆறு வயதுச் சிறுமி கொலை செய்யப்பட்ட வழக்கைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். கைதான இளைஞரின் முகம் மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் வந்தது. 2018இல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. தனக்காக வாதாடப் போதிய வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை, அரசுத் தரப்பு பெரிதும் நம்பிய கண்காணிப்புக் கேமராப் பதிவு நீதிமன்றத்தில் சான்றாகவே கொண்டுவரப்படவில்லை என்பவை காரணங்களில் சில. அவர் செய்தாரா இல்லையா என்று நான் சொல்ல வரவில்லை. தொலைக்காட்சியில் குற்றம் ஐயமற நிறுவப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கை, வழக்கைச் சான்றோடு கட்ட வேண்டியவர்களையே மெத்தனமாக்கிவிடும் என்கிறேன். அதன் விலையைக் கொடுப்பது இறந்துபோன குழந்தையின் பெற்றோர்.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி இரண்டாண்டு வரை சிறை. குழந்தையென்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், படம், வீட்டு முகவரி மட்டுமல்லாமல் பள்ளியையும் குடியிருக்கும் பகுதியையும்கூட வெளியிடக் கூடாது என்கிறது. நம் செய்திகளில் பெயர் இருக்காது. தெரு, தந்தையின் தொழில், படிக்கும் வகுப்பு எல்லாம் இருக்கும். அந்த ஊர்க்காரருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பொள்ளாச்சி வழக்கில் 2019இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிட்டவர் நிருபர் அல்லர், செய்தியாளர் சந்திப்பில் பேசிய காவல் அதிகாரி. மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கையே காவல் துறை இணையதளத்திலிருந்து வெளியே போயிற்று. அங்கும் அதே 25 லட்சம்தான். அரசு இப்படிக் கொட்டுவதை ஊடகம் அள்ளிக்கொள்ளாமல் இருந்திருந்தால் பாதிச் சேதம் தவிர்ந்திருக்கும்.

உசிலம்பட்டி ஆசிரியை

ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஓர் ஊரின் மீதே முத்திரை குத்தப்படுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

1986இல் ஓர் ஆங்கில மாதமிருமுறை இதழ் எங்கள் பகுதியில் நடந்த பெண் சிசுக் கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அந்தக் கொடுமை நடந்தது. அதை மூடி மறைக்க நான் எழுதவில்லை. சிசுவைக் கொல்லப் புகட்டிய எருக்கம்பாலும் நெல்லும் வெறும் கதையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கும் வயது எனக்குக் கடந்துவிட்டது. அது வெளியே வந்ததால்தான் அரசு அசைந்தது, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அந்தத் திட்டம் முதலில் சேலத்தில் தொடங்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளின் விகிதம் மாநிலத்திலேயே மிகக் குறைவாக இருந்த மாவட்டமும் சேலம்தான், மதுரை அன்று. ஆனாலும் பேச்சுப் போட்டி மேடையிலிருந்து பட்டிமன்றம் வரை இன்றைக்கும் உதாரணம் காட்டப்படும் ஊர் உசிலம்பட்டி. நகரங்களில் ஸ்கேன் பார்த்துப் பெண் கருவைக் கலைத்த படித்த குடும்பங்களின் ஊர்ப்பெயரை யாரும் அடையாளமாக்கவில்லை. அதைத் தடுக்க 1994இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

எங்களுக்கு இது இரண்டாவது முத்திரை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், குற்றம் ஏதும் செய்யாதவர்களும் ரேகை பதித்து இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அதை எதிர்த்து நின்றவர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுடப்பட்டார்கள். அந்தச் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. சட்டம் போய் இத்தனை ஆண்டுக்குப் பின், சினிமாவில் மதுரைக்காரன் என்றால் கையில் அரிவாளைக் கொடுத்துவிடுகிறார்கள். என் மாணவர்கள் கோயம்புத்தூரில் வாடகைக்கு அறை தேடும்போது ஊர்ப்பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரரின் முகம் மாறுவதை வந்து சொல்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் உசிலம்பட்டிக்கு வந்தே இருக்க மாட்டார்.

கீழமாசி வீதி வாசகர்

ஆசிரியை அம்மா எழுதியதற்கு நன்றி. ஊர் மாறிவிட்டது என்பது செய்தியாவதில்லை என்ற இடத்தில் இது நிருபர் ஐயா சொன்னதோடு வந்து சேர்கிறது. கைது செய்தியாகிறது, விடுதலை செய்தியாவதில்லை.

மேலூர் ஆய்வு மாணவி

எந்தப் பாதிக்கப்பட்டவருக்காக ஊர் அழும் என்பதையும் ஊடகம்தான் பெருமளவு முடிவு செய்கிறது. நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1986இல் இதைப் பற்றி எழுதினார். பலவீனமானவராக, மதிப்பான ஒரு வேலைக்காகப் போய்க்கொண்டிருந்தவராக, முன்பின் அறியாத பெரிய உருவம் கொண்ட ஒருவனால் தாக்கப்பட்டவராக இருந்தால்தான் சமூகம் ஒருவரைப் பாதிக்கப்பட்டவர் என்று தயக்கமின்றி ஏற்கும் என்றார். நம் செய்திகளில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கல்லூரி மாணவிக்கு இந்தத் தகுதி எளிதில் கிடைக்கிறது. கணவனின் அடியில் சாகும் செங்கல் சூளைத் தொழிலாளிக்கு "குடும்பத் தகராறு" என்ற ஒரு பத்திச் செய்தி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2021இல் பதிவான 31,677 பாலியல் வன்கொடுமை வழக்குகளில் சுமார் 96 சதவீதத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். இருட்டில் காத்திருக்கும் அந்நியனைப் பற்றியே படிக்கும் பெற்றோர், மகளை மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே விடாமல் வீட்டுக்குள் பூட்டுகிறார்கள். அறிந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குள்தான் வந்து போகிறார்கள்.

எங்கள் மேலூர்ப் பக்கத்துக்கே வருகிறேன். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவரும் அவருடன் சேர்ந்தவர்களுமாக ஏழு பேர், மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று திரும்பும் வழியில் பேருந்தை நிறுத்திக் கொல்லப்பட்டார்கள். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு ஒரு தலித் வந்ததுதான் காரணம். 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2008இல் மூவரும் 2019 நவம்பரில் 13 பேரும் அரசாணை வழியே முன்கூட்டியே விடுதலையானார்கள். ஓர் இளைஞர் செல்லூரில் சங்கிலி பறித்து ஜாமீனில் வந்தால் கொதிக்கிற நம் பொதுமனம், இந்த விடுதலைகளைப் பற்றி எத்தனை நாள் பேசியது? தண்டனை கடுமையாக வேண்டும் என்ற குரல் எல்லாருக்கும் ஒரே அளவில் எழுவதில்லை. யாருக்காக எழும் என்பதில் சாதிக்கும் பங்கு உண்டு, செய்தி அறைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கும் பங்கு உண்டு.

தெற்கு வெளி வீதி வணிகர்

தங்கச்சி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வழக்கறிஞர் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். நீதிமன்றம் விடுவித்துவிட்டால் ஆள் செய்யவில்லை என்று பொருளா? சாட்சி பல்டி அடிப்பதை நாங்கள் பார்க்கவில்லையா? நீதிமன்றத்தைப் பார்த்துக் காத்திருங்கள் என்கிறீர்கள். காத்திருந்தவர்கள் ஏமாந்த கதைதான் ஊரெல்லாம் இருக்கிறது. மக்கள் மாவுக்கட்டைப் பார்த்து மகிழ்வதற்கு ஊடகம் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பத்தாண்டு ஆகும் வழக்கும் ஒரு காரணமல்லவா?

ஒத்தக்கடை வழக்கறிஞர்

நியாயமான கேள்வி. விடுதலை என்றால் செய்யவில்லை என்று எப்போதும் பொருளன்று. ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முடியவில்லை என்றுதான் பொருள். தாமதமும் உண்மை. 2007 மே 9 அன்று மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர்கள் மூவர் இறந்தார்கள். 2009இல் விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. 2019இல்தான் உயர் நீதிமன்றக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டு. கொல்லப்பட்டவர்கள் ஊடகத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சாட்சி பிறழ்வதைப் பற்றிச் சொன்னீர்கள். 2015இல் திருச்செங்கோட்டிலிருந்து சாதிவெறியால் கடத்திக் கொல்லப்பட்ட பொறியியல் மாணவர் வழக்கில் முக்கியச் சாட்சியே பிறழ்ந்தார். வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. கோயில் கேமராப் பதிவு போன்ற சான்றுகளை ஒழுங்காகச் சேர்த்ததுதான் காரணம். அதே வழக்கின் முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபோதே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வெளியிட்டு, தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்து, சொந்தச் சாதி இளைஞர்கள் சிலருக்கு நாயகனாகிவிட்டார். ஆகவே ஊடகம் ஒருவரை விசாரணைக்கு முன்பே தண்டிக்கவும் செய்யும், விசாரணைக்கு முன்பே கொண்டாடவும் செய்யும்.

நீதிமன்றங்களும் இதிலிருந்து தப்பியவை அல்ல. 1980இல் அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 1983இல் சமூகத்தின் கூட்டு மனசாட்சி அதிர்ச்சியடைவதும் ஓர் அளவுகோலாக அதில் வந்து சேர்ந்தது. அந்த மனசாட்சி என்ன நினைக்கிறது என்று நீதிபதி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்? அவர் வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கிறது. காவல் துறை ஊடகங்களுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று வழிகாட்டிக் கையேடு தயாரிக்குமாறு 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்தைப் பணித்தது, பிரஸ் நோட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது என்பதை அறிந்துதான்.

ஓய்வுபெற்ற நிருபர்

செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்போது மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. கைது செய்திக்குக் கொடுத்த இடத்தில் கால் பங்கை வாரம் ஒரு முறை வழக்கு முடிவுகளுக்குக் கொடுத்தால் போதும். ஒரு நிருபருக்கு அரை நாள் வேலை. இதை நான் பணியில் இருந்தபோதே கேட்டிருக்கிறேன். யார் படிப்பார்கள் என்று கேட்டார்கள்.

தெற்கு வெளி வீதி வணிகர்

நான் படிப்பேன். ஆனால் விடுவிக்கப்பட்டவர் அதை விரும்புவாரா?

ஒத்தக்கடை வழக்கறிஞர்

பெரும்பாலானவர்கள் விரும்புவதில்லை ஐயா. விடுதலைத் தீர்ப்பைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று என் வழக்குக் கட்சிக்காரர்களிடம் கேட்டால், "மகளுக்கு வரன் பார்க்கிறோம், மறந்துபோனதை ஏன் சார் கிளற வேண்டும்" என்பார்கள். முதல் செய்தி அழிய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை.

அதற்கும் நம் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு நடந்தது. பாலியல் வழக்கொன்றில் 2014இல் விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை மறைக்கக் கோரினார். 2021இல் தனி நீதிபதி, இதற்கெனச் சட்டம் இல்லாமல் அப்படி உத்தரவிட முடியாது என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கவும், தீர்ப்புகளை வெளியிடும் இணையதளம் அதை நீக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்புகள் பொது ஆவணங்கள் அல்லவா என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நிருபர் ஐயா கேட்கிற வாராந்திரப் பட்டியலை அந்தத் தீர்ப்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.